பாண்டத்தில் செதுக்கப் பழக எந்த முறையை முதலில் எடுக்கலாம்?

சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தக் கற்றாயிற்று. கிண்ணமும் கோப்பையுமாகக் கைக்கு வந்தது எல்லாம் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிப் படலமாகும் மேற்பூச்சு), ஒரே வழவழப்பு. மேற்பரப்பில் ஏதாவது செய்து பார்க்கலாமே என்ற ஆசை பலருக்கும் இந்தக் கட்டத்தில்தான் வரும். இணையத்தில் தேடினால் ஸ்கிராஃபீட்டோ, மிஷிமா, வரிப்பள்ளம், புடைப்புச் செதுக்கல், துளை வேலை என்று பெயர்கள் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டறை வகுப்பு, ஒரு கருவித் தொகுப்பு, கண்ணைப் பறிக்கிற பத்துப் படங்கள்.

பெரும்பாலோர் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் அந்தப் படம் சூளையிலிருந்து இறக்கிய பிறகு எடுத்தது. நாம் பழகப்போவது அதற்கு முந்தைய வேலையை. அந்த வேலை நம் வாழ்க்கை முறைக்குப் பொருந்துமா என்று படம் சொல்லாது. எனவே வேறு இரண்டு கேள்விகளை முன்னால் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, செதுக்குவதற்கான பதத்தில் மண் உங்கள் கையில் எத்தனை மணி நேரம் நிற்கும்? இரண்டு, கடைசியில் அதன் மேல் எந்த கிளேஸ் போகப்போகிறது? அழகு, ரசனை எல்லாம் அப்புறம்தான்.

பதம் என்பதே பாதி வேலை

வனைந்த பாத்திரம் ஈரம் குறையக் குறையப் பல நிலைகளைக் கடக்கிறது. முதலில் தொட்டாலே விரல் பதியும். அப்புறம் வளைத்தால் லேசாக வளையும். அதற்கடுத்து, தூக்கினால் வடிவம் மாறாது, ஆனால் தொட்டால் சில்லென்று இருக்கும், நகத்தால் கீறினால் சுத்தமான கோடு விழும். இதைத்தான் தோல் பதம் என்கிறோம். கடைசியில் நிறம் வெளுத்து, சில்லிப்பும் போய், எலும்பு போல உலர்ந்துவிடும். சர்க்கரைப் பாகில் ஒற்றைக் கம்பிப் பதம் தாண்டினால் அடுத்த நிமிடமே வேறு பதம் வருகிற மாதிரி, இங்கேயும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறுகிய இடம் உண்டு. தோல் பதம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள்ளேயே இளசு, நடு, முற்றல் என்று மூன்று இருக்கிறது. செதுக்கும் முறைகளுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடு, அவை இந்த மூன்றில் எதைக் கேட்கின்றன, எவ்வளவு நேரம் கேட்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

சோதித்துப் பார்க்கக் கருவியே போதும். வெட்டும்போது மண் சுருள் சுருளாகக் கழன்று விழுந்தால் சரி. கருவியில் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஈரம். பொடியாக உதிர்ந்தால் காலம் கடந்துவிட்டது.

சென்னையிலோ மதுரையிலோ சித்திரை மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மெல்லிய கோப்பையை வைத்தால், நடுத் தோல் பதம் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. விளிம்பு முற்றிவிட்டிருக்கும், அடி இன்னும் இளசாக இருக்கும். அதே கோப்பை ஐப்பசி மழையில் மூன்று நாள் ஆனாலும் அசையாது. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் 'ஒரு இரவு விடுங்கள்' என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம்.

இதற்கு ஒரு மலிவான தீர்வு இருக்கிறது. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி இறுகவிட வேண்டும். இறுகிய பின் அது குடிக்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மேலே பாத்திரத்தை வைத்து மூடிவிட்டால் வாரக்கணக்கில் பதம் மாறாமல் நிற்கும். அந்தப் பிளாஸ்டரில் கருவி பட்டுச் சில்லு பெயராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் துணுக்கு களிமண்ணில் சேர்ந்துவிட்டால் சுட்ட பிறகு அந்த இடம் வெடித்துப் பெயரும். செதுக்குக் கருவிக்குச் செலவிடுவதற்கு முன்னால் இந்தப் பெட்டியைச் செய்துகொள்வது நல்லது.

ஸ்கிராஃபீட்டோ: வரையத் தெரிந்தவர்களின் முறை

பாத்திரத்தின் மேல் வேறு நிற மண் குழம்பைப் பூசி, அதைக் கீறி அடியில் உள்ள மண்ணின் நிறத்தை வெளியே கொண்டுவருவது இது. சொங் காலத்து வட சீனத்தில் சிஜோ சூளைகளில் வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்புப் பூச்சிட்டு, பின்புலத்தைச் சுரண்டி எடுத்துப் பெரிய பூக்களை நிறுத்தினார்கள். மறுமலர்ச்சிக் கால வட இத்தாலியிலும் இங்கிலாந்தின் வட டெவனிலும் சிவப்பு மண்ணின் மேல் வெள்ளைப் பூச்சு பூசிக் கீறினார்கள். வியன்னாவில் பிறந்து லண்டனில் வேலை செய்த லூசி ரீ, மாங்கனீஸ் சேர்த்த அடர்பழுப்புப் பூச்சின் மேல் ஊசியால் நெருக்கமாகக் கோடு கோடாக இழுத்தார். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து அடிவரை இறங்கும் அந்த மயிரிழைக் கோடுகளில் ஓவியம் என்று எதுவும் இல்லை. எனக்கு ஸ்கிராஃபீட்டோவில் பிடித்த வேலை அதுதான்.

வகுப்புகளில் முதலில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த முறையைத்தான். காரணம் புரிகிறது. சுவர் தடிமனாக இருக்க வேண்டியதில்லை. பூச்சின் தடிமன் அளவுக்கு வெட்டினால் போதும், பாத்திரம் உடையும் பயம் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக உடனே கண்ணில் படும். ஒரே நாளில் 'நானும் செய்தேன்' என்று காட்ட ஒன்று கையில் கிடைக்கும்.

ஆனால் இதில் செதுக்கும் திறமையைவிட வரையும் திறமைதான் வெளியே தெரியும். மீன், மயில், கோலம் எதை எடுத்தாலும், கோடு தயங்கிய இடம் எல்லாம் கறுப்பு வெள்ளையில் அப்படியே பதிவாகும். அழிக்க முடியாது. மேலே மறுபடி பூசி மறைத்தால் அந்த இடம் திட்டாகத் தெரியும்.

நேரக் கணக்கும் இங்கே கொஞ்சம் கடினம். நடுத் தோல் பதத்தில் இரண்டு மூன்று தடவை மெல்லப் பூச வேண்டும். பூச்சின் ஈரம் பாத்திரத்தை மறுபடி இளசாக்கும், அது இறங்கக் காத்திருக்க வேண்டும். பூச்சு கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும் கீறத் தொடங்கலாம். சீக்கிரம் தொடங்கினால் கோட்டின் இரு பக்கமும் சேறு போல ஒதுங்கும். தாமதித்தால் பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். விரிவான வடிவம் என்றால் மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அத்தனை நேரமும் ஒரே பதத்தில் வைத்திருக்க, வேலை செய்யாத பகுதியை ஈரத் துணியாலோ பிளாஸ்டிக்காலோ மூடி மூடித்தான் செய்ய வேண்டும். கிளேஸின் அடியில் பூசுவதற்கென்று கடையில் விற்கும் அண்டர்கிளேஸ் நிறங்கள் இதைவிடச் சற்றுப் பொறுமையானவை. முற்றிய பதத்திலும் ஏற்கும். கோடு கொஞ்சம் சொரசொரப்பாக வரும், அவ்வளவுதான்.

கீறும்போது ஓரத்தில் எழும் மண் பிசிறை உடனே விரலால் தட்டிவிடக் கை பரபரக்கும். தட்டினால் அது கோட்டுக்குள் போய் அப்பிக்கொள்ளும். முழுக்க உலர்ந்த பிறகு ஈரப் பஞ்சால் துடைத்து எடுங்கள். உலர்ந்த மண்ணைத் தேய்த்து ஊதித் தள்ளும் பழக்கம் வேண்டாம். களிமண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிக் காலப்போக்கில் சிலிகோசிஸ் வரை கொண்டுபோகும். தரையையும் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பது எந்தப் பட்டறையிலும் கட்டாயம்.

கிளேஸ் பக்கம் ஒரு எச்சரிக்கை. ஸ்கிராஃபீட்டோவுக்குத் தெளிவான கண்ணாடி கிளேஸ் வேண்டும். அதையும் மெல்லப் பூச வேண்டும். தடிமனாகிவிட்டால் பால் போல மங்கி மணிக்கணக்கான வேலையை மூடிவிடும். துத்தநாகம் சேர்ந்த கிளேஸின் அடியில் குரோம்-டின் வகை இளஞ்சிவப்பு நிறங்கள் நிற்காது. கறுப்பும் கோபால்ட் நீலமும் எந்தச் சூளையிலும் பெரும்பாலும் ஏமாற்றாதவை.

மிஷிமா: கீறி நிரப்புவது

கொரியர்கள் சாங்காம் என்று சொல்வதும் ஜப்பானியர்கள் மிஷிமா என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். மண்ணில் கோடு வெட்டி, அதில் வேறு நிறக் குழம்பை நிரப்பி, காய்ந்ததும் மேலே வழிந்ததைச் சுரண்டி எடுத்தால் கோட்டுக்குள் இருப்பது மட்டும் நிற்கும். 12ஆம் நூற்றாண்டில் கோரியோ அரசின் குயவர்கள் சாம்பல்பச்சை செலடான் கிளேஸின் அடியில் வெள்ளையும் கறுப்பும் நிரப்பி மேகங்களையும் கொக்குகளையும் பறக்கவிட்டார்கள். கங்ஜின், புவான் சூளைகளில் இருந்து வந்த அந்த ஜாடிகள்தான் இந்த முறையின் உச்சம். பின்னால் வந்த ஜோசான் காலத்தில் புஞ்சொங் பாண்டங்களில் இதே முறை கொஞ்சம் அவிழ்ந்து, அவசரக் கையோடு, எளிய முத்திரை அச்சுகளோடு தொடர்ந்தது. அந்த அவசரம் ஒரு தனி அழகு. 20ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் மஷிகோவில் ஷிமாவோகா தத்சுசோ கத்தியையே தவிர்த்தார். ஈர மண்ணின் மேல் பின்னிய கயிற்றை உருட்டிப் பதிவு எடுத்து, அதில் வெள்ளைக் குழம்பை நிரப்பிச் சுரண்டினார். 1996இல் ஜப்பான் அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது.

கேட்கும்போது ஸ்கிராஃபீட்டோவைவிடச் சிக்கலாகத் தோன்றும். வேலை கூடுதல்தான். ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு இது கொடுக்கும் சலுகைகள் வேறு எதிலும் இல்லை.

முதல் சலுகை, பிழை பொறுக்கும். கோடு தவறிப் போனால் அதே மண்ணை அதில் அழுத்தி நிரப்பி, மறுபடி வெட்டலாம். பிசிறு எழுந்தாலும் கவலை இல்லை. கடைசியில் மேற்பரப்பு முழுவதையும் சுரண்டத்தான் போகிறோம். இரண்டாவது, வேலையைத் தவணையாகப் பிரிக்கலாம். இந்த ஞாயிறு வெட்டி நிரப்பிவிட்டு, ஈரப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு சுரண்டலாம். ஸ்கிராஃபீட்டோவைப் போல ஒரே மூச்சில் முடிக்கும் அவசரம் இல்லை. மூன்றாவது, முடித்த பாத்திரம் தடவினால் வழவழவென்று இருக்கும். உணவுத் துணுக்கு தங்கப் பள்ளம் எதுவும் இல்லை. தினமும் சாப்பிட எடுக்கும் தட்டுக்கும் கிண்ணத்துக்கும் இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

கவனிக்க வேண்டியவை இரண்டுதான். நிரப்பும் குழம்பு பாத்திரத்தின் மண்ணைப் போலவே சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் கோட்டின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும், அல்லது நிரப்பியது அப்படியே கழன்று வரும். அதே மண்ணைக் கரைத்து நிறம் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பான வழி. அடர் நிற மண் என்றால் அதே வெப்பநிலைக்கான வெள்ளை மண்ணை முதலில் ஒரு சின்னப் பலகையில் சோதித்துப் பாருங்கள். அப்புறம், குழம்பில் தண்ணீர் அதிகம் என்பதால் காய்ந்ததும் கோட்டுக்குள் பள்ளம் விழும். இரண்டு மூன்று முறை நிரப்பினால்தான் மேற்பரப்போடு சமமாகும். சுரண்டுவது முற்றிய தோல் பதத்தில். இளசாக இருக்கும்போது சுரண்டினால் நிறம் இழுபட்டு அழுக்காகும்.

மயிரிழைக் கோடு வேண்டுமென்றால் வேக்ஸ் ரெசிஸ்ட் என்ற மெழுகுக் கரைசலை முதலில் பூசிக் காயவிட்டு, அதன் ஊடாகவே வெட்டி, குழம்பைத் தடவித் துடைத்துவிடலாம். மெழுகின் மேல் குழம்பு ஒட்டாது, சுரண்டும் வேலையே மிச்சம். கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சூடான பிஸ்க் சூட்டில் அந்த மெழுகு எரிந்து புகை விடும். மின் சூளை வைத்திருப்பவர்களில் சிலர் அதை விரும்புவதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

வரிப்பள்ளமும் துள்ளல் கத்தியும்

தடிமனாக வனைந்த சுவரில் வளையக் கருவியால் மேலிருந்து கீழாக இழுத்து இழுத்துப் பள்ளங்கள் எடுப்பது வரிப்பள்ளம். ஜப்பானில் ஷினோகி என்பார்கள். கம்பியாலோ கத்தியாலோ பட்டையாகச் சீவினால் முகப்பு வெட்டு. இரண்டுக்கும் வரையத் தெரிய வேண்டியதே இல்லை. மொத்த வேலையும் ஒரு கோப்பைக்குப் பத்து நிமிடம்.

ஆனால் அந்தப் பத்து நிமிடம் சரியான பதத்தில் அமைய வேண்டும். இளசும் நடுவும் சந்திக்கும் இடம் அது. கை ஒரே அழுத்தத்தில் அடிவரை நிற்காமல் போக வேண்டும், நடுவில் நின்றால் படி விழும். சுவர் எட்டு மில்லிமீட்டராவது இருந்தால்தான் மூன்று மில்லிமீட்டர் எடுத்தாலும் பயமில்லை. அந்தத் தடிமனை விளிம்பிலிருந்து அடிவரை சீராக வனைவதுதான் உண்மையான தேர்வு. வனைதலில் உள்ள குறைகளை இந்த முறை தயவே இல்லாமல் காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் கருவி உள்ளே எட்டிப் பார்க்கும். இன்னொரு வகையில் அதுவே இதன் பயன். வாரத்தில் நான்கைந்து நாள் சக்கரத்தில் உட்காருகிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கெட்டுப்போனால் பத்து நிமிடம்தான் நட்டம், மண்ணைப் பிசைந்து மறுபடி வனையலாம்.

கிளேஸும் இதற்குத் துணை நிற்கும். இரும்புச் சத்துள்ள தென்மோகு கிளேஸ் மேட்டில் மெலிந்து துருப்பழுப்பாகவும் பள்ளத்தில் கறுப்பாகவும் பிரியும். செலடான் பள்ளத்தில் தேங்கி ஆழ்ந்த பச்சையாகும். ஒளிபுகாத வெள்ளை கிளேஸ் போட்டால் நிழல் மட்டும் மிஞ்சும். அதுவும் மோசமில்லை.

இதற்கு ஓர் உறவினர் முறை உண்டு, துள்ளல் கத்தி. ஜப்பானின் கியூஷு தீவில் ஒன்தா, கொயிஷிவாரா என்ற இரண்டு குயவர் ஊர்கள் இதற்குப் பேர் போனவை. வளையும் எஃகுப் பட்டையை, பழைய கடிகாரச் சுருள்வில்லே போதும், சுழலும் பாத்திரத்தின் மேல் ஒரு கோணத்தில் பிடித்தால் அது துள்ளித் துள்ளிப் பட்டுச் சின்னச் சின்ன வெட்டுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். அடியில் அடர் மண், மேலே வெள்ளைப் பூச்சு என்பதால் இதைச் சக்கரமே செய்யும் ஸ்கிராஃபீட்டோ என்றுகூடச் சொல்லலாம். பார்க்க ஆச்சரியமாக இருக்கும், வசப்பட நாளாகும். கோணம், வேகம், பதம் மூன்றும் ஒன்றுகூடாவிட்டால் பட்டை துள்ளாமல் சும்மா உழும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த ரூலெட் தட்டுகள் எனப்படும் பழங்காலத் தட்டுகளின் உட்புற அடியிலும் இதே போன்ற நுண்ணிய வெட்டுகள் வட்டம் வட்டமாக இருக்கின்றன. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தவை என்று அப்போது நினைத்தார்கள். இந்திய மண்ணில் செய்தவைதான் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அந்தக் குறிகளைப் பல் சக்கரத்தை உருட்டிப் போட்டார்களா, துள்ளும் பட்டையால் போட்டார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே இரண்டு கருத்தும் உண்டு. துள்ளல் கத்தியைக் கையில் எடுத்தவர்கள் ஒருமுறை அந்த ஓடுகளை உற்றுப் பார்க்க வேண்டும்.

புடைப்புச் செதுக்கலும் துளை வேலையும்

பூவும் கொடியும் மேற்பரப்பிலிருந்து எழுந்து நிற்கும்படி பின்புலத்தை இறக்குவது புடைப்புச் செதுக்கல். சீனத்தின் யாவ்ஜோ சூளைகளில் வட சொங் காலக் குயவர்கள் இதற்கு ஓர் அருமையான சிக்கனம் கண்டார்கள். இதழின் ஓரத்தில் கத்தியை நேராக இறக்கி ஒரு வெட்டு, வெளிப்பக்கத்திலிருந்து சாய்வாக ஒரு வெட்டு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஆப்பு போன்ற மண் கழன்றுவிடும். ஆலிவ் பச்சை கிளேஸ் அந்தச் சரிவில் தேங்கி, ஆழத்துக்கு ஏற்ப நிறம் மாறும். நிழலை கிளேஸே வரைந்துவிடுகிறது.

அதனால்தான் இந்த முறைக்கு கிளேஸ் பாதி உயிர். உண்மையான செலடான் நிறம், இரும்பு சிறிதளவு உள்ள கிளேஸை ஆக்சிஜன் குறைந்த சூளையில், அதாவது பெரும்பாலும் எரிவாயு அல்லது விறகுச் சூளையில், ஏறத்தாழ 1280 டிகிரிக்குச் சுடும்போது வருகிறது. மின் சூளைக்கு நிறமி சேர்த்த பச்சை கிளேஸ்கள் இருக்கின்றன, ஓரளவு ஈடுகொடுக்கும். உங்கள் பட்டறையில் இருப்பது ஒளிபுகாத கிளேஸ்கள் மட்டும் என்றால் இதை எடுக்கவே வேண்டாம்.

நேரம் இன்னொரு தடை. அமெரிக்கரான அடிலெய்ட் ராபினோ 1910இல் போர்சலின் என்ற வெள்ளைப் பீங்கான் மண்ணில் செய்த வண்டு ஜாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் செதுக்கினார் என்பார்கள். முதல் சூட்டில் அடியில் விரிசல் விட்டது. விரிசலை அடைத்து, மறுபடி கிளேஸிட்டுச் சுட்டு மீட்டார். இப்போது அது சிராக்யூஸ் நகரில் எவர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்கு ஆயிரம் மணி நேரம் வேண்டாம், பத்து மணி நேரமே போதும். அந்தப் பத்து மணி நேரமும் பதம் நிற்க வேண்டும், வேலை தவறினால் திருத்த இடமில்லை, சூளையில் போனால் போனதுதான். முதல் முறையாகப் பழக இது ஏற்றதில்லை. தட்டையான ஓட்டுப் பலகையில் இரண்டு வெட்டு முறையை மட்டும் பழகி வையுங்கள், பின்னால் உதவும்.

துளை வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவரை வெட்டித் திறப்பதால் பாத்திரம் சூளையில் கோணும், துளைக்கும் துளைக்கும் இடையே விரிசல் ஓடும். விளக்குக் கூடு செய்ய ஆசை என்றால் மற்ற முறைகளில் ஒன்று கைவந்த பிறகு பார்க்கலாம்.

கிளேஸே இல்லாதவர்கள்

ஊர்ப்புறத்தில் வேளாரிடம் மண் வாங்கி, அவர் சூளையிலேயே சுட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சூடு, அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கும் ஸ்டோன்வேர் பாண்டத்துக்குத் தேவையானதன் பக்கத்தில்கூட வராது, கிளேஸும் கிடையாது. அவர்களுக்கு வெறும் கீறல் போதும். முற்றிய தோல் பதத்தில் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, அதன் மேல் கீறினால் மின்னும் சிவப்பில் மங்கலான கோடு நிற்கும். உத்தரப் பிரதேசத்தில் ஆசம்கர் மாவட்ட நிசாமாபாத்தின் கறுப்புப் பாண்டம் இப்படிக் கீறிய கோடுகளில்தான் வாழ்கிறது. புகையில் கறுக்கச் சுட்ட பிறகு கோட்டுக்குள் துத்தநாகமும் பாதரசமும் கலந்த பொடியைத் தேய்த்து வெள்ளியாக்குவார்கள். பாதரசத்தை வீட்டில் கொண்டுவந்து யாரும் சோதிக்க வேண்டாம். கீறலோடு நிறுத்திக்கொண்டாலே அழகுதான்.

மண், கருவி, ஆசிரியர்

எந்த முறையானாலும் மண் நயமாக இருக்க வேண்டும். சுட்ட மண் பொடி கலந்த கரகர மண்ணில் கத்தி ஓடும்போது ஒவ்வொரு பரலும் இழுபட்டுக் கீறலாகும். வரிப்பள்ளத்துக்கு அது பரவாயில்லை, ஸ்கிராஃபீட்டோவுக்கும் மிஷிமாவுக்கும் ஆகாது.

கருவிக்கு ஆரம்பத்தில் காசு கொட்டாதீர்கள். குடைக்கம்பி குறுக்குவெட்டில் 'ப' வடிவில் இருக்கும். அதன் முனையைச் சாய்வாக அரத்தால் தேய்த்தால் மிஷிமாவுக்கு அருமையான நுண்ணுளி. உடைந்த ஹாக்ஸா பிளேடு சுரண்டவும் சீவவும் ஆகும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா இளசுப் பதத்தில் உருண்டையான கோடு போடும், பிசிறும் குறைவு. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த வெளிநாட்டுக் கருவிகள் நெடுநாள் கூர் மழுங்காதவைதான். ஆனால் எந்த முறையில் நிலைக்கப்போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு ஒன்று வாங்கினால் போதும்.

வகுப்பா, வீடியோவா? கருவியைப் பிடிக்கும் கோணம், வெட்டும் வரிசை எல்லாம் வீடியோவில் நன்றாகவே தெரிகிறது. பதம் மட்டும் திரையில் தெரியாது. அதற்கு அனுபவமுள்ள ஒருவர் 'இப்போது தொடு' என்று சொல்ல, நாம் தொட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பகுதியில் இதற்கு வசதி குறைவில்லை. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்டோன்வேர் பட்டறைகள் பெருகிவிட்டன. செதுக்கலுக்கென்று தனி வகுப்பு தேட வேண்டியதில்லை. யாராவது ஒருவரின் பட்டறையில் ஒரு நாள் முழுக்க இருந்து, அவர் டிரிம்மிங்கை, அதாவது பாத்திரத்தின் அடியைச் சீவி வடிவாக்குவதை, எந்த நேரத்தில் தொடங்குகிறார் என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

சரி, யாருக்கு எது?

வாரத்துக்கு ஒரு நாள் பொதுப் பட்டறைக்குப் போய் வருகிறவர் என்றால் மிஷிமாவில் தொடங்கச் சொல்வேன். வகுப்புகள் பெரும்பாலும் ஸ்கிராஃபீட்டோவை முன்னால் வைத்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். தவணை முறையில் செய்யலாம், திருத்தலாம், வெறும் நேர்கோடுகளும் புள்ளிகளும் போட்டாலே நன்றாக இருக்கும். ஏற்கெனவே ஓவியம் கைவந்தவர் மட்டும் ஸ்கிராஃபீட்டோவுக்கு நேராகப் போகலாம். அவரும் முதலில் வளைந்த பாத்திரத்தில் இல்லாமல் தட்டையான ஓட்டில் செய்வது நல்லது. வீட்டிலேயே சக்கரம் வைத்துக்கொண்டு நாள்தோறும் வனைகிறவருக்கு வரிப்பள்ளம். பதம் வந்த நேரத்தில் அவர் பக்கத்திலேயே இருப்பார், மற்றவருக்கு அது கிடைக்காது. புடைப்புச் செதுக்கல் மேல் மனம் போய்விட்டது என்றால், நல்ல செலடான் சுடும் சூளை ஒன்றில் இடம் கிடைத்த பிறகு தொடங்குங்கள்.

மண் மூட்டை வாங்குவதற்கு முன் சூளை வைத்திருப்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை டிகிரிக்குச் சுடுகிறார், தெளிவான கிளேஸ் என்ன வைத்திருக்கிறார், மெழுகு பூசிய பாத்திரத்தை ஏற்பாரா. அவர் சொல்லும் வெப்பநிலைக்கான நயமான மண்ணில் பத்துப் பன்னிரண்டு சின்ன ஓடுகள் செய்து, ஒன்றில் இளசுப் பதத்தில், ஒன்றில் நடுப் பதத்தில், ஒன்றில் முற்றலில் என்று ஒரே கோட்டை வெட்டி, பின்பக்கம் எது எந்தப் பதம் என்று கீறி வையுங்கள். அவர் கிளேஸை அவற்றில் பாதிக்கு மெல்லவும் பாதிக்குத் தடிமனாகவும் பூசிச் சுட்டு வாங்கிய பிறகு முதல் கிண்ணத்தைத் தொடலாம்.